விடுமுறை வாங்கித் தந்த சங்கீதம்

எஜமானரிடம் விடுமுறை கேட்பது எளிய காரியம் அல்ல. சிலர் மனு எழுதிக் கொடுப்பார்கள். சிலர் நேரில் போய் நின்று தலையைச் சொறிவார்கள். ஆஸ்திரியா நாட்டில் ஒருவர் இந்த இரண்டையும் செய்யவில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசாமல், வாத்தியங்களை வாசிக்கச் செய்தே விடுமுறை கேட்டார். அதுவும் தமக்காக அல்ல. தம்மிடம் வேலை பார்த்த வித்வான்கள் ஊருக்குப் போய் மனைவி மக்களைப் பார்ப்பதற்காக!

அவர் பெயர் ஜோசப் ஹைடன். மேல்நாட்டுச் சங்கீதத்தில் பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படிக்கு சிம்பனி என்று பெயர். அந்த சிம்பனியின் தந்தை என்று உலகம் போற்றுகிற மேதை அவர். ஆனால் அவர் பிறந்தது ஓர் எளிய தொழிலாளியின் குடிசையில்.

சக்கரம் செய்பவரின் மகன்

ஆஸ்திரியாவின் கிழக்கே, அந்நாளைய ஹங்கேரி எல்லையை ஒட்டி ரோராவ் என்ற சிற்றூர் இருந்தது. அங்கே 1732-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி ஹைடன் பிறந்தார். தகப்பனார் மத்தியாஸ், வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாயார் மரியா, கல்யாணத்துக்கு முன்பு அவ்வூர்ப் பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை செய்தவர்.

பகல் முழுவதும் உளியும் மரமுமாக இருக்கும் மத்தியாஸ், மாலையில் யாழ் போன்ற ‘ஹார்ப்’ என்னும் வாத்தியத்தை எடுத்து மடியில் சாய்த்துக்கொள்வார். அவருக்குச் சங்கீதம் எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. காதால் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான். அவர் வாசிப்பார், மனைவி பாடுவாள், குழந்தைகளும் சேர்ந்துகொள்வார்கள். அண்டை வீட்டாரும் வருவார்கள்.

கணப்பு அடுப்பின் ஓரத்தில் ஒரு மரப் பலகை. அதில் சிறுவன் ஜோசப் உட்கார்ந்து, ஒரு குச்சியைத் தோளில் வைத்து, இன்னொரு குச்சியை வில்லாக ஓட்டி, பிடில் வாசிப்பதுபோலப் பாவனை செய்வான். பாவனைதான் என்றாலும் தாளம் தப்பாது.

ஒரு நாள் உறவினர் ஒருவர் வந்தார். அவர் ஹைன்பர்க் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். மாதா கோயிலில் பாட்டுச் சொல்லித் தருகிறவர். பையனின் திறமையைக் கண்டு, தம்மோடு அனுப்பும்படி கேட்டார். பெற்றோர் சம்மதித்தார்கள். அப்போது ஜோசப்புக்கு ஆறு வயது கூட நிறையவில்லை. அன்று வீட்டை விட்டுப் போனவன், பிறகு பெற்றோருடன் ஒரே கூரையின் கீழ் வாழவே இல்லை.

அடியும் பசியும்

ஹைன்பர்க்கில் பையன் பாடக் கற்றான்; பிடில் கற்றான்; முரசு அடிக்கவும் கற்றான். ஆனால் சாப்பாட்டைவிட அடிதான் அதிகம் கிடைத்தது. துணி துவைத்துப் போட ஆள் இல்லை. அழுக்குச் சட்டையோடு திரிவது பையனுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும், சிறு வயதிலேயே இத்தனையும் கற்பித்தாரே என்று அந்த ஆசிரியரை அவர் பிற்காலத்தில் நன்றியோடு நினைத்தார்.

அவனுக்கு எட்டு வயது ஆகும் சமயம் வியன்னா நகரத்துப் பெரிய மாதா கோயிலின் சங்கீதத் தலைவர் வந்து பாட்டைக் கேட்டார். பையனை அழைத்துப் போய்க் கோயில் பாடகர் குழுவில் சேர்த்தார். ஒன்பது ஆண்டு காலம் அங்கே பாடினான். பிறகு குரல் உடைந்தது. உடைந்த குரலுக்கு அங்கே வேலை இல்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு விஷமம் செய்தான். முன் வரிசையில் இருந்த பையனின் சடையைக் கத்தரிக்கோலால் வெட்டி விட்டான். தண்டனையாகப் பிரம்படி கிடைத்தது. அதோடு வேலையும் போயிற்று. அது 1749-ம் ஆண்டு. கையில் காசு இல்லை. போக இடம் இல்லை.

தெருவில் நின்ற அந்த வாலிபனுக்கு ஒரு நண்பன் கை கொடுத்தான். அவன் பெயர் ஸ்பாங்லர். அவனும் ஏழைப் பாடகன்தான். மனைவி, கைக்குழந்தையோடு மச்சில் ஒரு சிறு அறையில் குடியிருந்தான். அந்த அறையிலேயே ஹைடனுக்கும் இடம் கொடுத்தான். இந்த உதவியை ஹைடன் மறக்கவில்லை. பல ஆண்டு கழித்து, தாம் பெரிய உத்தியோகத்தில் இருந்தபோது, ஸ்பாங்லரின் மகள் மக்தலேனாவுக்கு அரண்மனையில் பாடகி வேலை கிடைத்தது.

நால்வர் கூடினர்

அதன் பிறகு சில ஆண்டுகள் ஹைடன் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். இரவில் தெருவில் நண்பர்களோடு வாத்தியம் வாசித்துச் சில்லறை சம்பாதித்தார். போர்ப்போரா என்ற இத்தாலிய வித்வானுக்கு ஏவல் வேலை செய்து, அவரிடம் சங்கீத நுணுக்கங்களைக் கற்றார்.

வியன்னாவுக்கு வெளியே பர்ன்பர்க் என்ற பிரபுவுக்கு ஒரு கிராமத்து மாளிகை இருந்தது. சங்கீதப் பிரியரான அவர் அவ்வப்போது நாலு பேரைக் கூட்டி வாசிக்கச் சொல்வார். யார் அந்த நாலு பேர்? ஒருவர் அவ்வூர்ப் பாதிரியார். ஒருவர் பண்ணையை நிர்வகிக்கும் காரியஸ்தர். மூன்றாமவர் செல்லோ என்னும் பெரிய பிடில் வாசிப்பவர். நாலாமவர் ஹைடன்.

இந்த நால்வரும் வாசிப்பதற்கென்று ஹைடன் எழுதியவைதாம் அவருடைய முதல் நால்வர் உருப்படிகள். இரண்டு பிடில், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நாலு நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொள்வதுபோல நாலு வாத்தியங்களும் பேசிக்கொள்ளும். ஒருவர் கேட்பார், ஒருவர் பதில் சொல்வார், ஒருவர் கேலி செய்வார். இந்த வகைச் சங்கீதத்தை உலகத்தில் நிலைநிறுத்தியவர் ஹைடன்தான். பெரிய சபையும் கூட்டமும் இதற்கு வேண்டியதில்லை. ஒரு வீட்டுக் கூடம் போதும். மனம் ஒத்த நாலு பேர் போதும்.

1760-ல் ஹைடனுக்குக் கல்யாணம் நடந்தது. அவர் விரும்பிய பெண் துறவு பூண்டு கன்னிமாடத்தில் சேர்ந்துவிட்டாள். அவளுடைய அக்காளை மணந்தார். அந்த வாழ்க்கையில் இன்பம் இல்லை. குழந்தையும் இல்லை.

அரண்மனைச் சேவகம்

மறு ஆண்டு, 1761 மே மாதம் முதல் தேதி, எஸ்தர்ஹாசி என்னும் ஹங்கேரிய இளவரசரின் அரண்மனையில் ஹைடன் வேலைக்கு அமர்ந்தார். ஆண்டுக்கு 400 குல்டன் சம்பளம். ஐசன்ஸ்டாட் என்ற ஊரில் அரண்மனை. சம்பளம் பெரிது, நிபந்தனைகளும் பெரிது. சீருடை அணிய வேண்டும். வெள்ளைக் காலுறை போட வேண்டும். தலைக்கு மாவு பூச வேண்டும். தினமும் இளவரசரின் அறை வாசலில் காத்திருந்து, இன்று சங்கீதம் உண்டா என்று உத்தரவு கேட்க வேண்டும். உலகத்தையே மகிழ்விக்கப் போகிற மேதை, அன்று அரண்மனைச் சேவகர்களில் ஒருவராக நின்றார்.

தகப்பனார் மத்தியாஸ் ஒரு முறை அங்கே வந்தார். பொன் சரிகை போட்ட உடுப்பில் மகனைப் பார்த்தார். இளவரசர் தம் வாயாலேயே மகனைப் புகழ்வதையும் கேட்டார். அந்தச் சக்கரத் தச்சருக்கு வேறு என்ன வேண்டும்? 1763-ல் அவர் காலமானார்.

ஹைடனை வேலைக்கு வைத்த இளவரசர் 1762-ல் இறந்தார். தம்பி நிக்கலஸ் பட்டத்துக்கு வந்தார். இவருக்குச் சங்கீதம் என்றால் உயிர். ‘பாரிடன்’ என்ற அபூர்வ வாத்தியத்தைத் தாமே வாசிப்பார். முன்பக்கம் வில்லால் இழைக்கத் தந்திகள், பின்பக்கம் கட்டை விரலால் மீட்டத் தந்திகள். எஜமானர் வாசிப்பதற்காக ஹைடன் நூற்றிருபதுக்கு மேற்பட்ட உருப்படிகளை எழுதித் தள்ளினார்!

கோடை மாளிகை

நிக்கலஸ் இளவரசர் ஓர் ஏரிக்கரைச் சதுப்பு நிலத்தில் புது மாளிகை ஒன்று கட்டினார். அதற்குத் தம் குடும்பப் பெயரையே வைத்து எஸ்தர்ஹாசா என்று அழைத்தார். 126 அறைகள். நாடக சாலை ஒன்று. பொம்மலாட்டத்துக்கென்று தனிக் கொட்டகை ஒன்று. பிரான்சு தேசத்து அரண்மனையோடு போட்டி போடும் ஆடம்பரம்.

வசந்தம் பிறந்ததும் இளவரசரின் பரிவாரம் முழுவதும் அங்கே கிளம்பும். வித்வான்களும் பிடிலையும் கொம்பையும் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். குளிர் காற்று வீசத் தொடங்கும்போது ஊர் திரும்புவார்கள். ஆண்டுதோறும் இதுதான் வழக்கம்.

126 அறை இருந்தும் வித்வான்களின் குடும்பங்களுக்கு அங்கே இடம் இல்லை! மனைவி மக்களை ஐசன்ஸ்டாட்டில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். குதிரை வண்டியில் போனால் ஒரு நாள் பயணம். நினைத்தபோது போய்வர முடியாது. மரம் துளிர்க்கும்போது தகப்பன் வீட்டை விட்டுப் போவான். இலை உதிரும்போது திரும்பி வருவான். இடையில் குழந்தை நடக்கக் கற்றிருக்கும், பேசக் கற்றிருக்கும். அந்த வீடுகளில் பருவம் மாறுவது மரத்தைப் பார்த்துத் தெரியாது. வாசலில் தகப்பனின் செருப்பைப் பார்த்துத்தான் தெரியும்.

சிலர் எப்படியோ மனைவியை வரவழைத்துப் பார்த்தார்கள். 1772-ம் ஆண்டு ஜனவரியில் இளவரசர் கண்டிப்பான உத்தரவு போட்டார். வித்வான்களின் மனைவி மக்கள் மாளிகைப் பக்கம் ஒரு நாள் பொழுது கூடத் தங்கக் கூடாது என்பது உத்தரவு. ஹைடனுக்கும், முதல் பிடில் வித்வான் டொமாசினிக்கும், இரண்டு பாடகர்களுக்கும் மட்டும் விலக்கு.

மெழுகுவத்திகள் அணைந்தன

அந்த ஆண்டு கோடை முடிந்தது. இலையுதிர் காலமும் வந்தது. இளவரசர் கிளம்புவதாகக் காணோம். வித்வான்கள் தவித்தார்கள். கடைசியில் ஹைடனிடம் வந்து முறையிட்டார்கள்.

வித்வான்கள் அவரை ‘அப்பா’ என்றே அழைப்பார்கள். யாருக்கு வேலை போனாலும், யாருக்குக் கஷ்டம் வந்தாலும், அவர்தான் இளவரசரிடம் பரிந்து பேசுவார். இப்போது என்ன செய்வது? இளவரசரின் உத்தரவு கண்டிப்பானது. எதிர்த்துப் பேசினால் எல்லோருக்கும் ஆபத்து. ஹைடனுக்கு விலக்கு இருந்ததால் பேசாமல் இருந்திருக்கலாம். அப்படி இருக்க அவர் மனம் ஒப்பவில்லை. உட்கார்ந்து ஒரு புது சிம்பனி எழுதினார். அவருடைய சிம்பனிகளில் அது 45-வது.

கச்சேரி நாள் வந்தது. இளவரசர் ஆசனத்தில் அமர்ந்தார். வித்வான்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஸ்வரத் தாள். அதன் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி. சங்கீதம் வேகமாகவும் படபடப்பாகவும் போயிற்று. சிம்பனி என்றால் கடைசியில் துரித கதியில் முடிய வேண்டும். இதுவும் அப்படித்தான் முடியப் போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

திடீரென்று வேகம் நின்றது. மெதுவான ஒரு ராகம் தொடங்கியது. சற்று நேரத்தில் குழல் ஊதுகிறவர் ஒருவரும் கொம்பு ஊதுகிறவர் ஒருவரும் தங்கள் பகுதியை முடித்தார்கள். மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்கள். வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் எழுந்து போய்விட்டார்கள்! பிறகு இன்னொருவர். பிறகு இன்னும் இருவர். பெரிய பிடில்காரரும் போனார். செல்லோவும் போயிற்று. ஒவ்வொரு விளக்காக அணைய அணைய மண்டபம் இருண்டது. கடைசியில் இரண்டே இரண்டு பிடில்கள் மெல்லிய குரலில் வாசித்துக்கொண்டிருந்தன. அவையும் ஓய்ந்தன.

இளவரசர் கோபிக்கவில்லை. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எல்லோரும் போகிறார்கள் என்றால் நாமும் போக வேண்டியதுதான் என்று சொல்லி, ஊருக்குக் கிளம்ப உத்தரவிட்டார். ஹைடனே முதுமையில், தம் வரலாற்றை எழுத வந்தவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னார். ‘பிரிவு உபசார சிம்பனி’ என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. இன்றும் பல நாடுகளில் இதை வாசிக்கும்போது வித்வான்கள் ஒவ்வொருவராக எழுந்து போவது உண்டு.

மொசார்ட்டுடன் ஒரு மாலை

குளிர் காலத்தில் சில வாரங்கள் ஹைடனுக்கு வியன்னா போக வாய்ப்பு கிடைக்கும். அந்த நாட்களுக்காக அவர் ஏங்கிக் கிடப்பார். அங்கேதான் நண்பர்கள் இருந்தார்கள்.

1784-ல் ஒரு நண்பர் வீட்டில் நாலு பேர் சேர்ந்து வாசித்தார்கள். முதல் பிடில் ஹைடன். இரண்டாம் பிடில் டிட்டர்ஸ்டார்ப். செல்லோ வன்ஹல். வியோலா யார் தெரியுமா? மொசார்ட்! நால்வருமே சங்கீதம் இயற்றுவதில் பெயர் பெற்றவர்கள். ஆனால் வாசிப்பு என்னவோ சுமார்தான் என்று அங்கே இருந்த ஒரு பாடகர் பிற்காலத்தில் எழுதி வைத்தார். அதனால் என்ன? அவர்கள் கைதட்டலுக்காக வாசிக்கவில்லை. சேர்ந்து வாசிக்கும் சந்தோஷத்துக்காக வாசித்தார்கள்.

ஹைடனைவிட மொசார்ட் 24 வயது இளையவர். இருவருக்கும் போட்டியோ பொறாமையோ இல்லை. மொசார்ட் ஆறு நால்வர் உருப்படிகளை எழுதி, 1785-ல் ஹைடனுக்குக் காணிக்கையாக்கினார். தமக்குத் தெரிந்தவர்களில் மொசார்ட்டுக்கு இணையான மேதை இல்லை என்று ஹைடன் மொசார்ட்டின் தகப்பனாரிடம் நேரிலேயே சொன்னார்.

வியன்னாவில் இளவரசரின் வைத்தியர் வீடும் ஹைடனுக்குச் சொந்த வீடு மாதிரி. அங்கே விருந்தும் உண்டு, சங்கீதமும் உண்டு. 1790 பிப்ரவரியில் திடீரென்று எஸ்தர்ஹாசாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அங்கிருந்து அந்த வைத்தியரின் மனைவிக்குக் கடிதம் எழுதினார். வாடைக் காற்றில் தூக்கம் இல்லை, சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை, பியானோவும் சரியில்லை, பழகிய நல்லவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று புலம்பியிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் வித்வான்கள் பட்ட தனிமையை இப்போது அவரே பட்டார்.

லண்டன் பயணம்

அதே ஆண்டு செப்டம்பரில் நிக்கலஸ் இளவரசர் காலமானார். பட்டத்துக்கு வந்த மகனுக்குச் சங்கீதத்தில் நாட்டம் இல்லை. வித்வான்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டார். ஹைடனுக்குப் பென்ஷன் கிடைத்தது, சுதந்திரமும் கிடைத்தது. முப்பது ஆண்டு சேவகம் அன்றோடு தீர்ந்தது.

உடனே லண்டனிலிருந்து சாலமன் என்ற பிடில் வித்வான் வந்து அழைத்தார். ஹைடனுக்கு அப்போது 58 வயது. இந்த வயதில் கடல் கடந்து போவதா, பாஷை தெரியாதே என்று மொசார்ட் கவலைப்பட்டார். தம் பாஷை உலகம் முழுவதும் புரியும் என்று ஹைடன் சமாதானம் சொன்னார். டிசம்பர் 15-ந் தேதி நண்பர்கள் கண்ணீரோடு பிரிந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை. மறு ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி மொசார்ட் 35 வயதில் இறந்தார். லண்டனில் செய்தி கேட்டு ஹைடன் துடித்தார். நண்பரின் மகனுக்குத் தாமே கட்டணம் இல்லாமல் பாடம் சொல்லித் தருவதாக எழுதினார்.

லண்டன் மக்கள் ஹைடனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். ஆக்ஸ்பர்டு சர்வகலாசாலை டாக்டர் பட்டம் கொடுத்தது. இரண்டாம் முறையும் போய்ப் பணமும் புகழுமாகத் திரும்பினார். 1795-ல் பிறந்த ஊரான ரோராவுக்குப் போனார். பிறந்த வீட்டின் வாசற்படியில் மண்டியிட்டு முத்தமிட்டார். கூட வந்தவர்களுக்கு அந்தக் கணப்பு ஓரத்துப் பலகையைக் காட்டினார். தம் சங்கீதம் தொடங்கிய இடம் அதுதான் என்று சொன்னார்.

ஒரு குடியானவர் குடும்பம்

முதுமையில் அவர் இயற்றிய பெரிய படைப்புகளில் ஒன்று ‘பருவங்கள்’. வியன்னாவில் 1801 ஏப்ரல் 24-ந் தேதி அரங்கேறியது. அதில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. சைமன் என்ற குடியானவர், அவர் மகள் ஹன்னா, லூகாஸ் என்ற வாலிபன் இவர்களே முக்கியப் பாத்திரங்கள். வசந்தத்தில் உழுது விதைத்து மழைக்கு வேண்டுகிறார்கள். கோடையில் வெயிலும் இடி மழையும். இலையுதிர் காலத்தில் அறுவடையும் திராட்சை ரசமும். குளிர் காலத்தில் பெண்கள் நூல் நூற்றபடி பாடுகிறார்கள். பனியில் வழி தவறிய ஒருவன் விளக்கு வெளிச்சத்தைக் கண்டு அந்தக் குடிசைக்கு வந்து சேர்கிறான்.

ஏர் ஓட்டுகிறவன் சீட்டியடிக்கும் மெட்டு ஒன்று அதில் வருகிறது. அது லண்டனில் புகழ் பெற்ற ஹைடனின் சொந்த மெட்டு! தவளைச் சத்தத்தை வாத்தியத்தில் கொண்டுவரச் சொன்னார்களே என்று மட்டும் அவர் முணுமுணுத்தார். பருவங்களை எழுதி முடித்ததோடு தம் பலம் எல்லாம் போய்விட்டது என்றும் சொல்வார்.

அணைந்த விளக்கு

பிறகு அவர் அதிகம் எழுதவில்லை. 1809 மே மாதம் நெப்போலியனின் சேனை வியன்னாவைத் தாக்கியது. ஹைடன் வீட்டருகே பீரங்கிக் குண்டு விழுந்தது. வேலைக்காரர்கள் நடுங்கினார்கள். 77 வயதுக் கிழவர்தான் அவர்களுக்குத் தைரியம் சொன்னார். நகரம் வீழ்ந்தது. பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அவரைப் பார்க்க வந்து, ஹைடன் இயற்றிய பாட்டு ஒன்றை அவர் முன்னாலேயே பாடிக் காட்டினார். பகைவன் வாயிலிருந்து தம் பாட்டைக் கேட்டுக் கிழவர் கண் கலங்கினார்.

மே 31-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. உயிலில் உறவினர்களையும் வேலைக்காரர்களையும் மறக்கவில்லை. சிறு வயதில் அடித்து வளர்த்த அந்த ஹைன்பர்க் ஆசிரியரின் மகளுக்கும் ஒரு தொகை எழுதி வைத்திருந்தார்.

யுத்த காலமானதால் அடக்கம் எளிமையாகவே நடந்தது. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 15-ந் தேதி, வியன்னா மாதா கோயில் ஒன்றில் நினைவு வழிபாடு நடந்தது. நகரத்து வித்வான்களும் பிரெஞ்சு அதிகாரிகளும் கூடியிருந்தார்கள். அன்று வாசித்த சங்கீதம் மொசார்ட் இயற்றியது. முதிய நண்பரை வழியனுப்ப, பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்ட இளைய நண்பரின் இசை வந்து சேர்ந்தது.